டீஃபன்பேக்கர் ஏரிக்குப் போகலாமா? முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே! குரல் தெளிவாகக் கேட்கிறதா? மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டியிருக்கிறேன், ஆனால் இந்த ஊர்க் காற்று அதையெல்லாம் மதிக்காது. நான் நிற்பது கார்டினர் அணை பக்கம், எனக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் தெரிகிற தண்ணீர்தான் டீஃபன்பேக்கர் ஏரி. கனடாவில் சஸ்காட்செவன் மாகாணம். சஸ்கட்டூனிலிருந்து 219-ஆம் எண் சாலையைப் பிடித்து நேராகத் தெற்கே வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வழியில் கனோலா வயல், கோதுமை வயல், மேய்ச்சல் நிலம், மறுபடியும் வயல், அவ்வளவுதான். திடீரென்று தரை உள்வாங்குகிறது, கீழே கடல் மாதிரி நீலம். முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் வண்டியை மெதுவாக்குவார்கள், பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை அணை என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை, ஏனென்றால் பெரிய கான்கிரீட் சுவர் எதுவும் கண்ணில் படாது. முழுக்க மண். மண்ணைக் கொட்டி, இறுக்கி, மறுபடி கொட்டி இறுக்கிக் கட்டியது. 64 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர் நீளம், மேலே நெடுஞ்சாலையே போகிறது. 1959-ல் வேலை ஆரம்பித்து 1967-ல் முடித்திருக்கிறார்கள். தெற்கு சஸ்காட்செவன் ஆற்றை இங்கே மறித்தார்கள், மறித்த தண்ணீர் கப்பெல் பள்ளத்தாக்கு வழியாக வழிந்து ஓடிவிடக் கூடாது என்று அந்தப் பக்கம் இன்னொரு அணை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் இந்த ஏரி. நீளம் சுமார் 225 கிலோமீட்டர், கரையின் நீளம் மட்டும் சுமார் 800 கிலோமீட்டர்.

ஒரு சின்ன அரசியல் வேடிக்கை. ஏரிக்கு ஜான் டீஃபன்பேக்கர் பெயர், அவர் கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து கனடாவின் பிரதமராக இருந்தவர். அணைக்கு ஜிம்மி கார்டினர் பெயர், அவர் லிபரல். தெற்கே இருக்கிற பூங்காவுக்கு டாமி டக்ளஸ் பெயர், அவர் சோஷலிசக் கட்சிக்காரர். மேடையில் ஒருவரை ஒருவர் வறுத்தெடுத்த மூன்று பேரும் இப்போது ஒரே தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஓர் அணைக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், ஆட்சி மாறினால் பலகையும் மாறிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏரிக்கு வரலாமா, என்ன இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிவரலாமா என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம்? ஏனென்றால் இது ஒரே ஏரி இல்லை. அதோ அந்தக் கரையில் வெளுப்பாக ஒரு பட்டை தெரிகிறதா, ஜூம் பண்ணுகிறேன், புல் முடிகிற இடத்துக்குக் கீழே கல்லும் மண்ணுமாக இருக்கிறதே, அது முழுக்கத் தண்ணீர் ஏறி இறங்குகிற இடம். ஒரு வருடத்துக்குள்ளேயே 6 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். தஞ்சாவூர்ப் பக்கம் காலையில் டீக்கடையில் உட்கார்ந்ததும் "மேட்டூர் எத்தனை அடி?" என்று கேட்பார்கள் பாருங்கள், அதே மாதிரி இங்கே படகு வைத்திருக்கிறவர்கள் "லெவல் என்ன?" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள்.

இத்தனைக்கும் இங்கே பெய்கிற மழைக்கும் இந்தத் தண்ணீருக்கும் பெரிய சம்பந்தமில்லை. சுற்றுவட்டாரம் வறண்ட பூமி. தண்ணீர் வருவது பக்கத்து ஆல்பர்ட்டாவில், ராக்கி மலையில் உருகுகிற பனியிலிருந்து. பான்ஃப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அங்கே ஓடுகிற போ ஆறும், ஓல்ட்மேன் ஆறும் சேர்ந்து, அப்புறம் ரெட் டியர் ஆறும் வந்து கலந்து இங்கே வருகிறது. குளிர்காலம் முழுக்கக் கரண்டுக்காகவும் குடிநீருக்காகவும் திறந்துவிட்டுக்கொண்டே இருப்பதால் மார்ச், ஏப்ரலில் ஏரி கீழே போய்விடும். மே, ஜூனில் மலைப் பனி உருகி வந்து ஜூலையில் நிரம்பும். சஸ்கட்டூன்காரர்கள் குடிப்பது இந்த ஆற்றுத் தண்ணீர்தான், ரெஜைனா, மூஸ் ஜா நகரங்களுக்கும் இங்கிருந்து கப்பெல் வழியாகப் போகிற தண்ணீர்தான்.

கீழே இறங்கி வந்துவிட்டேன். இது அணையின் வெளிப்பக்கம், மின் நிலையத்துத் தண்ணீர் வெளியே வருகிற இடம். மூன்று யூனிட், 186 மெகாவாட். தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன், வெயில் மண்டையைப் பிளக்கிறது, தண்ணீர் மட்டும் ஐஸ். ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்து விடுவதால் கோடையிலும் இப்படித்தான் இருக்கும். இங்கே இறங்கிக் குளிக்கிற யோசனையே வேண்டாம், இழுப்பு பலமாக இருக்கிறது.

அதோ! வெள்ளையாக மிதக்கிறதே, கூழைக்கடா. வெள்ளைக் கூழைக்கடாக்கள், ஒரு கூட்டமே இருக்கிறது. இறக்கையை விரித்தால் 9 அடி வரும். கடலோரத்துப் பழுப்புக் கூழைக்கடா மாதிரி மேலிருந்து தொப்பென்று விழுந்து மீன் பிடிக்காது இது. நீந்திக்கொண்டே வரிசை கட்டி, மீனைக் கரைப்பக்கமாக ஒதுக்கி, எல்லாம் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து அள்ளும். இப்போது பாருங்கள்... குனிந்துவிட்டன, பார்த்தீர்களா? அந்த முன்னால் நிற்பதன் அலகின் மேலே கொம்பு மாதிரி ஒரு முண்டு துருத்திக்கொண்டிருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முளைத்து, முட்டை இட்ட பிறகு தானாக உதிர்ந்துவிடுமாம். பக்கத்தில் இருப்பதற்கு ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது போலிருக்கிறது. தூண்டில் போட்டு நிற்கிற ஒரு பெரியவர், "என்னைவிட இதுகள் நன்றாகப் பிடிக்கின்றன" என்று சிரிக்கிறார்.

மீன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வால்ஐ, பைக், பர்பட், ஒயிட்ஃபிஷ் எல்லாம் இங்கே உண்டு. ஆனால் ஏரியை உலகத்துக்குத் தெரிய வைத்தது ரெயின்போ ட்ரௌட். 2009-ல் இங்கே பிடித்த ஒன்று 48 பவுண்டு, உலக சாதனை! கிட்டத்தட்ட 22 கிலோ. அது காட்டு மீன் இல்லை, ஏரியிலேயே கூண்டு கட்டி வளர்க்கிற பண்ணையிலிருந்து தப்பித்த வகை. குரோமோசோம் மூன்று தொகுதி இருக்கிற மாதிரி உருவாக்கிய மீன், அதனால் இனப்பெருக்கம் செய்யாது, தின்கிற தீனியெல்லாம் உடம்பில்தான் ஏறும். இதைச் சாதனையாகச் சேர்க்கலாமா என்று தூண்டில்காரர்கள் நடுவில் பெரிய சண்டை. என்னைக் கேட்டால், பிடித்தவர் பிடித்தார், ஆனால் வளர்த்தது பண்ணை. லைசென்ஸ் எடுக்காமல் தூண்டிலைத் தொடாதீர்கள், அது தனி.

இப்போது இடம் மாறியாச்சு, கரையோரம் ஒரு மணல் திட்டு. குரலைக் குறைத்துப் பேசுகிறேன், காரணம் இருக்கிறது. அந்தக் கூழாங்கல்லுக்கு வலது பக்கம், ஓடி ஓடி நிற்கிறதே... தெரியவில்லையா? நின்றால் தெரியாது, நகர்ந்தால்தான் தெரியும். பைப்பிங் ப்ளோவர், உப்புக்கொத்தி வகை. காய்ந்த மணலின் நிறம், கழுத்தில் ஒரே ஒரு கறுப்புப் பட்டை, ஆரஞ்சு நிறக் கால், அலகும் ஆரஞ்சு, நுனி மட்டும் கறுப்பு. கனடாவில் அழியும் நிலையில் இருக்கிற பறவை என்று சட்டப்படி பட்டியலில் இருக்கிறது. கூடு என்று ஒன்றும் பெரிதாகக் கட்டாது, மணலில் சின்னக் குழி, அதில் பொடிக்கல், நான்கு முட்டை. முட்டையும் கல் மாதிரியே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். அதனால்தான் நான் தூரத்திலேயே உட்கார்ந்து, லென்ஸை மட்டும் நீட்டியிருக்கிறேன். கிட்டே போனால் இறக்கை ஒடிந்தது மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு ஓடி நம்மைத் திசை திருப்பும். அந்த நாடகத்தை வீடியோ எடுக்க ஆசைப்பட்டுப் பக்கத்தில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது பயத்தில் செய்கிற வேலை, நமக்குக் காட்டுகிற வித்தை இல்லை.

இங்கேதான் அந்த மாதக் கணக்கு கொடுமையாகிறது. மே மாதம் ஏரி இறங்கிக் கிடக்கும்போது இந்தப் பறவைக்குக் கொள்ளை இடம், அகலமான மணல், செடி கொடி இல்லை, நரி வந்தால் தூரத்திலேயே தெரியும். நம்பிக் கூடு வைக்கிறது. முட்டை பொரிய நாலு வாரம், குஞ்சு பறக்க அதற்கு மேலே மூணு நாலு வாரம். அந்த நேரத்தில்தான் ராக்கி மலைத் தண்ணீர் வந்து சேருகிறது. ஆறு தன் போக்கில் ஓடின காலத்தில் இருந்த மணல் திட்டு வேறு, இது நாமே போட்டுக் கொடுத்துவிட்டு நாமே மூழ்கடிக்கிற திட்டு. ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மாகாண அமைப்பு கூடுகளைக் கணக்கெடுக்கிறது, அதை யோசித்துத்தான் நீர்மட்டத்தையும் திட்டமிடுகிறது. ஆனால் மலையில் கனமழை கொட்டினால் யார் என்ன செய்ய முடியும்? 2013 ஜூனில் கால்கரியே வெள்ளத்தில் போனதே, அந்தத் தண்ணீரும் இதே ஏரிக்குத்தான் வந்தது.

அடுத்து எல்போ. குட்டி ஊர், படகுத் துறை, கோல்ஃப் மைதானம், ஐஸ்கிரீம். ஜூலையில் வந்தால் படகுகள் நெரிக்கும். எனக்கு இங்கே முக்கியம் படகுத் துறை இல்லை, இந்தக் கல். படுத்திருக்கிற காட்டெருமை வடிவத்தில் சுமார் 400 டன் எடையுள்ள ஒரு பாறை இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. பனியாறு உருட்டிக்கொண்டு வந்து போட்டது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான க்ரீ மக்களுக்கு அது வழிபாட்டு இடம், மிஸ்தசேனி என்று பெயர். ஏரி நிரம்பினால் மூழ்கும் என்றதும் வேறு இடத்துக்கு மாற்றப் பணம் திரட்டிப் பார்த்தார்கள், போதவில்லை. 1966-ல் டைனமைட் வைத்து உடைத்துவிட்டார்கள். மூழ்கட்டும் என்று விட்டிருந்தாலாவது முழுசாக இருந்திருக்கும், அதுதான் எனக்கு ஆறவில்லை. 2014-ல் ஒரு முக்குளிப்பவர் தண்ணீருக்கடியில் அதன் மிச்சத்தைக் கண்டுபிடித்தார். உடைத்த துண்டுகளில் சிலவற்றை வைத்து எழுப்பிய நினைவுச் சின்னம் இங்கே இருக்கிறது, ஊருக்கு வருகிறவர்கள் ஐஸ்கிரீமோடு திரும்பிவிடாமல் இதையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

டக்ளஸ் பூங்கா எல்போவுக்குத் தெற்கே. மணல் மேடுகளுக்கு நடக்கும் பாதை அங்கேதான், காற்றில் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிற மணல். நிழல் கிடையாது, தண்ணீர் தூக்கிக்கொண்டு போங்கள். ஜூன் என்றால் நடந்து முடித்ததும் காலைத் தடவி உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், காதுக்குப் பின்னாலும் பாருங்கள். கொசுவைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, இந்த வீடியோவில் நான் பத்துத் தடவை கழுத்தில் அடித்துக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆக, மணலில் குழந்தைகள் விளையாட வேண்டும் என்றால் ஜூன், ஆனால் தண்ணீர் குளிரும், பறவை இருக்கிற திட்டை விட்டுவிடுங்கள். படகு, நீச்சல் என்றால் ஜூலை கடைசி, ஆகஸ்ட். காற்று எழும்பினால் சின்னப் படகும் கயாக்கும் உடனே கரைக்கு வந்துவிட வேண்டும், நீளமான ஏரி என்பதால் அலை வேகமாக ஏறும். எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசி. பனி வாத்தும் சாண்ட்ஹில் கிரேன் என்கிற பெருங்கொக்கும் ஆயிரக்கணக்கில் இறங்கும், அறுத்த வயலில் சிந்தின தானியம் தின்ன. அதிர்ஷ்டம் இருந்தால் ஹூப்பிங் கிரேன் என்கிற அரிய வெள்ளைப் பெருங்கொக்கு. 1941-ல் உலகத்திலேயே இருபதை ஒட்டித்தான் மிச்சம், இன்று வடக்கே வுட் பஃபலோ தேசியப் பூங்காவிலிருந்து டெக்சஸ் போகிற கூட்டம் மட்டும் 500-க்கு மேலே. அந்த நேரத்தில் படகுக் கூட்டமும் இருக்காது, கொசுவும் இருக்காது.

படகு கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. தண்ணீரை விட்டு ஏற்றியதும் படகின் அடியில் இருக்கும் அடைப்பானைக் கழற்றிவிட்டுத்தான் ரோட்டில் ஓட்ட வேண்டும், இங்கே அது சட்டம். பக்கத்து மாகாணமான மானிடோபாவில், படகில் தேங்கிய தண்ணீரோடு பரவுகிற வரிச் சிப்பி (ஸீப்ரா மஸல்) புகுந்து படாத பாடு படுத்துகிறது, இங்கே இன்னும் வரவில்லை. வழியில் சோதனைச் சாவடி இருந்தால் நின்று காட்டிவிட்டுப் போங்கள், சில நிமிட வேலைதான்.

இப்போது ரிவர்ஹர்ஸ்ட் வந்து ஃபெர்ரிக்கு வரிசையில் நிற்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரியைக் கடக்கிற படகு, காரோடு ஏறிக்கொள்ளலாம், காசு கிடையாது. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் இதே இடத்தில் பனிக்கட்டி மேலே ரோடு போட்டு வண்டி ஓட்டுகிறார்கள், அதை ஜனவரியில் வந்து எடுக்கிறேன். முன்னால் இருக்கிற டிராக்டர் நகர ஆரம்பித்துவிட்டது, கை காட்டுகிறார்கள், வைக்கிறேன் மக்களே.