ஒரு தடவை போனேன், சரிப்படவில்லை

வணக்கம் நேயர்களே.

என்னிடம் கவுன்சிலிங்குக்கு வரும் ஆண்கள் பலர் உட்கார்ந்ததும் சொல்வது இதுதான்: "எனக்கு ஒண்ணும் இல்லை மேடம், வீட்டில் போகச் சொன்னாங்க, அதான் வந்தேன்." வண்டிச் சாவி கையிலேயே இருக்கும். முன்னால் மேசை இருந்தாலும் அதில் வைக்க மாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்பதற்கு அது ஒரு ஏற்பாடு. பேச்சு முக்கியமான இடத்துக்கு வரும்போது சாவிக்கொத்து விரலில் வேகமாகச் சுற்றும். நான் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கேட்டால் சாவி சட்டைப் பைக்குள் போய்விடும், பேச்சும் கூடவே போய்விடும்.

என்ன பிரச்சினை என்று கேட்டால் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார். தூக்கம் இல்லை என்பார். முதுகு வலி, எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதாக மனைவி குறைப்படுகிறார் என்பார். அழுகை வராது. அழுகை இல்லாததால் இது மனச்சோர்வாக இருக்கலாம் என்று அவருக்கும் தோன்றாது, கூட இருப்பவர்களுக்கும் தோன்றாது.

இந்த இடத்தில் நான் எப்போதும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. என்னைத் தெரிந்தவர்கள் "ஆரம்பிச்சுட்டாங்க" என்பார்கள், பரவாயில்லை. பால்டிக் கடலில் காட்லாந்து என்று ஒரு தீவு, ஸ்வீடனைச் சேர்ந்தது. அங்கே தற்கொலைகள் அதிகம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1983, 84ஆம் ஆண்டுகளில், தீவில் இருந்த பொது மருத்துவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வை எப்படி அடையாளம் காண்பது, எப்படி சிகிச்சை கொடுப்பது என்று. வுல்ஃப்காங் ரூட்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் செய்த வேலை இது. நல்ல பலன். மனச்சோர்வினால் மருத்துவ விடுப்பு எடுப்பது குறைந்தது, தற்கொலையும் குறைந்தது.

அப்புறம் ஆண், பெண் என்று கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். குறைந்தது பெரும்பாலும் பெண்களின் கணக்கு. ஆண்களின் கணக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. அதே தீவு, பயிற்சி பெற்ற அதே மருத்துவர்கள்! ஆண்கள் அந்த மருத்துவர்களிடம் வரவே இல்லை என்பதுதான் விஷயம். இறந்துபோன ஆண்களில் பலரைக் காவல்துறைக்குத் தெரிந்திருந்தது, சமூகநலத் துறைக்குத் தெரிந்திருந்தது, மருத்துவருக்கு மட்டும் தெரியவில்லை. சண்டை, குடி, கோபம் என்று வேறு வாசல்களில் போய் நின்றவர்கள் அவர்கள். அதனால்தான் பிற்பாடு ரூட்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆண்களுக்கென்றே தனியாக ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். எரிச்சல், பொறுமையின்மை, அதிகக் குடி, ஓய்வில்லாமல் வேலை, தூக்கக் கோளாறு, இதையெல்லாம் கேட்கும் பட்டியல்.

உலக அளவிலும் பாருங்கள். மனச்சோர்வு என்று கண்டறியப்படுவது பெண்களிடம் அதிகம். தற்கொலையால் இறப்பதோ ஆண்கள், விகிதத்தில் சுமார் இரண்டு மடங்கு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அந்தத் தீவுதான் ஞாபகம் வரும்.

சரி, அத்தனையையும் தாண்டி ஒருவர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நான் இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்தது அவரைப் பற்றித்தான். "ஒரு தடவை போனேன், சரிப்படவில்லை. இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று சொல்லும் ஆண்கள் நிறையப் பேர். முடிவெட்டிக்கொள்ள ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகிறோம், முடி வெட்டிக்கொள்வதையே விட்டுவிடுவதில்லையே! ஆலோசகர் விஷயத்தில் மட்டும் முதல் ஆளோடு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் இதை அழகாகச் சொன்னார். சிகிச்சை நடக்க வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு கூட்டு வேண்டும். எதற்காக இந்த வேலை என்பதில் ஒத்துப்போக வேண்டும், எப்படிச் செய்வது என்பதில் ஒத்துப்போக வேண்டும், இந்த ஆளை நம்பலாம் என்ற பிணைப்பும் வேண்டும். இந்தக் கூட்டு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒருவர் தூக்கம் வேண்டும் என்று வருகிறார். எதிரில் இருப்பவர் முதல் நாளிலேயே "சின்ன வயதில் அப்பா எப்படி?" என்று ஆரம்பிக்கிறார். அந்தக் கேள்விக்கும் ஒரு நேரம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்தவருக்கு வேண்டியது ஒன்று, நடப்பது வேறொன்று. அவர் என்ன செய்வார்? தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அடுத்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு" என்று ஒரு மெசேஜ் அனுப்புவார். அவ்வளவுதான், ஆள் காணாமல் போய்விடுவார்.

அந்த மெசேஜுக்குப் பதிலாக நேரில் சொல்லிவிடுங்கள். "நான் வந்தது தூக்கத்துக்காக. இந்தப் பேச்சு எனக்கு எங்கே போகிறது என்று புரியவில்லை" என்று அப்படியே சொல்லலாம். நல்ல ஆலோசகர் அதைக் கேட்டு வழியை மாற்றுவார், அல்லது ஏன் கேட்டார் என்று விளக்குவார். முகம் சுருங்கி உங்களையே குற்றவாளி ஆக்கினால், சரி, ஆள் இவர் இல்லை, வேறொருவரைப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், சரிப்படவில்லை என்பதை அவரிடமே சொல்லுங்கள். எங்களுக்கு அது தானாகத் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தன்னிடம் வருபவரின் நிலை மோசமாகிக்கொண்டிருப்பதை ஆலோசகர்கள் கவனிக்காமல் விடுவது ஆய்வுகளிலேயே பதிவான விஷயம். எங்கள் தொழிலில் இதை மேடை போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

முதல் முறை போனில் பேசும்போதே கேட்டுவிடலாம். என்ன படித்திருக்கிறீர்கள், என் மாதிரிப் பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, எப்படி வேலை செய்வீர்கள், முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வோம். இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கமே வேண்டாம். ஆண் ஆலோசகரா, பெண் ஆலோசகரா என்று கேட்பார்கள். பொதுவாக அதனால் பலனில் பெரிய வித்தியாசம் வருவதில்லை, உங்களுக்கு யாரிடம் வாய் திறக்குமோ அவரிடம் போங்கள். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேச முடியாதவர்களும் உண்டு. நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் போடச் சொல்லிக் கேளுங்கள். போனில் பேசலாமா என்றும் கேளுங்கள், சிலருக்கு அதில்தான் பேச்சே வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. ரகசியம் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் பேசுவது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் விதிவிலக்கு, அவை எவை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் அதை எழுதுவது மனநல மருத்துவர். கவுன்சிலிங்கும் மாத்திரையும் சேர்ந்தே நடக்கலாம், ஒன்றை எடுத்தால் மற்றது கூடாது என்று இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருப்பவர்கள், நான் இதுவரை சொன்ன பொருத்தம் பார்க்கும் வேலையெல்லாம் இப்போது வேண்டாம். யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு இன்றைக்கே பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆலோசகரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

வணக்கம்.