இ.டி.எஃப். நிதிகளில் நிறுவனங்களின் கை

நேயர்களுக்கு வணக்கம்.

இ.டி.எஃப். என்பது பங்குச் சந்தையில் பங்கைப் போலவே யூனிட்டுகளாக வாங்கி விற்கக்கூடிய நிதி. அதை வாங்க நினைக்கும் சிறு முதலீட்டாளர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அந்த நிதியின் மொத்தச் சொத்து மதிப்பைத்தான். ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய நிதி என்றால், வேண்டியபோது நியாயமான விலைக்கு விற்றுவிடலாம் என்று அவர் எண்ணிக்கொள்கிறார். அந்தப் பணம் யாருடையது என்று கேட்காதவரை இந்த எண்ணம் சரியாகவே தோன்றும்.

இந்தியாவில் அதில் மிகப் பெரிய பங்கு தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியினுடையது. 2015 ஆகஸ்டில், புதிதாகச் சேரும் தொகையில் 5 சதவீதத்தை இ.டி.எஃப். வழியாகப் பங்குகளில் போடத் தொடங்கிய அந்த அமைப்பு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்த அளவை 10 ஆகவும் பிறகு 15 ஆகவும் உயர்த்தியது. எஸ்.பி.ஐ. நிஃப்டி 50 இ.டி.எஃப். நாட்டின் மிகப் பெரிய இ.டி.எஃப். ஆக வளர்ந்ததற்கு முதன்மையான காரணம் இதுவே. சாதாரண மியூச்சுவல் ஃபண்டில் எந்த ஒரு முதலீட்டாளரும் 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி இ.டி.எஃப்.களுக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால் சிறு முதலீட்டாளருக்குக் கிடைக்கும் நன்மை மறுக்க முடியாதது. பெருந்தொகை சேரும் நிதியில் நிர்வாகக் கட்டணம் மிகக் குறைவாக இருக்கிறது. அதே கட்டணத்தில்தான் பத்து யூனிட் வைத்திருப்பவரும் பயன்பெறுகிறார். பெரிய முதலீட்டாளர் வெளியேறும்போது தம் யூனிட்டுகளை ஒப்படைத்துப் பங்குகளாகவே பெற்றுக்கொண்டால், அவற்றை விற்கும் செலவு எஞ்சியிருப்பவர்கள் தலையில் விழுவதும் இல்லை.

ஆனால் வருங்கால வைப்பு நிதி போன்ற அமைப்பு சந்தைத் திரையில் யூனிட் வாங்குவதில்லை. நிதி நிறுவனத்திடமே நேரடியாக, நிகர சொத்து மதிப்பை (ஒரு யூனிட்டுக்கு உரிய சொத்தின் மதிப்பை) ஒட்டிய விலையில் பெற்று, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறது. 2023 மே 1 முதல் இந்த நேரடி வழி, மார்க்கெட் மேக்கர்கள் (யூனிட்டுகளைத் தொடர்ந்து வாங்கி விற்கும் நிறுவனங்கள்) போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. நமக்குள்ள வழி பங்குச் சந்தை ஒன்றே. ஆகவே நிதியின் சொத்து மலைபோல் இருந்தாலும், அன்றாடம் கைமாறும் யூனிட்டுகள் சொற்பமாக இருக்கக்கூடும். 2002 தொடக்கத்தில் பட்டியலிடப்பட்ட நிஃப்டி பீஸ் என்ற இ.டி.எஃப்., சொத்தில் தன்னைவிடப் பெரிய நிதிகளைக் காட்டிலும் வணிகத்தில் நெடுங்காலம் முன்னின்றதை இங்கு நினைவுகூரலாம்.

கைமாறும் யூனிட் குறைவாக இருந்தால் நேரும் இழப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. 100 ரூபாய் மதிப்புள்ள யூனிட்டை விற்பவர் 102 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிதியின் ஆண்டுக் கட்டணம் 0.05 சதவீதம் என்றால், அந்த 2 ரூபாய் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் கட்டணத்துக்குச் சமம். கட்டணத்தைப் பத்திரிகைகளில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இழப்பைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைப்பவர்களும் நிறுவனங்களே. ஆனால் வேறு வகை நிறுவனங்கள். மார்க்கெட் மேக்கர்கள் எனப்படுவோர், சந்தை விலை சொத்து மதிப்பைவிட ஏறும்போது நிதி நிறுவனத்திடம் புது யூனிட் பெற்றுச் சந்தையில் விற்று, விலையைக் கீழே கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு இ.டி.எஃப்.-க்கும் குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கர்கள் வேண்டும் என்று 2022இல் செபி விதித்தது. யூனிட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் நிறுவனத்தையும், வாங்கி விற்றுக்கொண்டே இருக்கும் நிறுவனத்தையும் ஒன்றாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இந்த இரண்டாம் வகையினருக்கு வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2024இல் கண்டோம். வெளிநாட்டு இ.டி.எஃப்.களில் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் முதலீடு செய்வதற்கான 100 கோடி டாலர் உச்சவரம்பு நிரம்பும் நிலைக்கு வந்ததால், அவ்வாண்டு ஏப்ரல் முதல் அவ்வகைத் திட்டங்களில் புதிய பணம் பெறுவது நிறுத்தப்பட்டது. அமெரிக்கப் பங்குக் குறியீடுகளைப் பின்பற்றும் இ.டி.எஃப்.களிலும் புதிய யூனிட் உருவாக்க வழி குறுகிப்போனது. அவற்றுள் சில, உள்ள மதிப்பைவிடக் கணிசமாக உயர்ந்த விலையில் கைமாறின. வாங்கியவர்களில் சிலர் அந்தக் கூடுதல் விலையைக் குறியீட்டின் வளர்ச்சி என்றே கருதியிருக்கக்கூடும்.

பங்கு இ.டி.எஃப்.களில் ஒரு யூனிட்டின் உத்தேச சொத்து மதிப்பு, வணிக நேரத்தில் 15 விநாடிக்கு மிகாத தாமதத்துடன் வெளியாகிறது. அந்த மதிப்பைப் பார்த்து, விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடுவது, எத்தனை சிறிய தொகைக்கும் இயலக்கூடிய செயல்.

நன்றி, வணக்கம்.