செடி முதலில், மீன் பிறகு

அன்பான நேயர்களுக்கு வணக்கம். கண்ணாடித் தொட்டியில் அழகு மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போனதும் மீனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தொட்டி, மீன், காற்றுப் பம்பி, நிறக் கல், பிளாஸ்ரிக் செடி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே நீர் நிரப்பி, இரவுக்குள் மீனையும் விட்டுவிடுகிறார்கள். சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. பிள்ளை அழுகிறது, தொட்டி வீட்டுக் கோடிக்குப் போகிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இப்படிக் காய்ந்து கிடக்கும் தொட்டிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். மண்ணும் நீர்ச்செடியும் கொண்டு, விலை கூடிய கருவிகள் இல்லாமலே, ஒரு தொட்டியை நல்ல நிலையில் வைத்திருக்கலாம் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். வேலையோடு வேலையாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்தாலும் போதும்: செடி வேர்பிடித்துப் புது இலை விடும்வரை தொட்டியில் மீன் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மீனின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும், உண்ணாமல் விட்ட உணவு அழுகுவதிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. நீர் சூடாகவும் காரத்தன்மை கூடியதாகவும் இருந்தால் அந்த நஞ்சின் வேகம் இன்னும் அதிகரிக்கும், எங்கள் பகுதியின் நீர் பெரும்பாலும் இந்த இரண்டு இயல்பும் உள்ளது. பாடசாலையில் நைதரசன் வட்டம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு வகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறு வகையின அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் மீனுக்குத் தீங்கானதே. புதிய தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும். நீர்ச்செடிகளோ அமோனியாவை நேரடியாகவே உணவாக எடுத்துக்கொள்கின்றன, அதிலும் பல செடிகள் நைத்திரேற்றை விட அதையே விரும்பி எடுக்கின்றன. ஆகவே நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் செடிகள் நிறைந்த தொட்டியில் அமோனியா தேங்கி நிற்க இடமில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் செடிகள் என்று சொன்னேன். நட்டு இரண்டு நாளான செடி எந்த வேலையும் செய்யாது, தன் உயிரைக் காப்பாற்றுவதே அப்போது அதற்குப் பெரும்பாடு.

எந்தச் செடி என்ற கேள்விக்கு எங்கள் நீரே பதில் சொல்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணத்தைச் சுரண்டாத வீடு வன்னியில் குறைவு. சுண்ணம் கூடிய அந்த வன்னீரைக் குறை சொல்லாதவர்களும் குறைவு. ஆனால், ஐதரில்லாவும் நாடா போன்ற நீண்ட இலை கொண்ட வலிஸ்னேரியாவும் இந்த வன்னீரில் கரைந்துள்ள இருகாபனேற்று என்ற உப்பிலிருந்தே தமக்கு வேண்டிய காபனை எடுக்கக்கூடியவை. மென்னீர் உள்ள இடங்களில் செடி வளர்ப்போர் காபனீரொட்சைட்டு வாயுவைக் குழாய் வழியே செலுத்திப் பெறும் வளர்ச்சியின் ஒரு பங்கை, எங்கள் கிணற்று நீர் இந்தச் செடிகளுக்குச் சும்மா கொடுத்துவிடுகிறது. ஐதரில்லாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். முகவைக்குள் புனலைக் கவிழ்த்து, அதன்மேல் சோதனைக்குழாயை வைத்து, ஒட்சிசன் குமிழி எழுவதை எண்ணினோமே, அதே செடிதான். வாய்க்கால்களிலும் குளங்களின் ஓரங்களிலும் இவை கிடைக்கும். ஆனால் பூச்சிநாசினியும் களைநாசினியும் அடித்த வயலுக்குக் கீழுள்ள வாய்க்காலில் எடுக்க வேண்டாம். எடுத்து வந்ததை நன்கு அலசி, ஒன்றிரண்டு கிழமை வாளியில் வைத்துப் பாருங்கள். அட்டையும், மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும் தும்பிக் குடம்பியும் அதற்குள் வெளியே வந்துவிடும்.

இனி மண். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்திலிருந்தே எனக்கு மண்ணைப் பற்றிப் பேசக் கிடைத்தால் நேரம் போவது தெரியாது, நேயர்கள் பொறுத்தருள வேண்டும். வீட்டுத் தோட்டத்து மண்ணே போதும். ஆனால் அண்மையில் யூரியா இட்ட மண் கூடாது. சாணம் போட்ட மண்ணும் கூடாது. இரண்டும் தொட்டிக்குள் அமோனியாவையே கொட்டும். வேரும் கல்லும் இல்லாமல் அரித்தெடுத்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து என்று சில முறை செய்தால், மண்ணிலுள்ள அழுகக்கூடிய பொருள்கள் வெளியிலேயே அழுகி முடிந்துவிடும். குளத்து வண்டலைப் பலர் விரும்புகிறார்கள். வளமான மண்தான், ஆனால் களி கூடியது, சிறிது கிளறினாலும் நாட்கணக்கில் நீர் தெளியாது. எங்கள் செங்கபில மண்ணில் இரும்பு இருக்கிறது, நீர்ச்செடிக்கு அது நல்லது.

தொட்டியின் அடியில் இந்த மண் ஓர் அங்குல உயரத்துக்கு, அதற்கு மேல் ஆற்று மணல் ஓர் அங்குலம் அல்லது சற்றே கூட. அவ்வளவுதான். மணலைக் கழுவும் நீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துகளும் இருப்பதால் அது வேண்டாம். மண்ணை ஓர் அங்குலத்தை விடத் தடிப்பாகப் போட்டால் ஒட்சிசன் இறங்காமல், கூழ்முட்டை மணமுள்ள வாயு அடியில் சேரும். இடைக்கிடை ஓர் ஈர்க்கினால் மெதுவாகக் குத்திவிட்டால் அந்த வாயு வெளியேறும். நீர் நிரப்பும்போது மணலின் மேல் வாழையிலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் சிறிது சிறிதாக ஊற்றினால் மண் கலங்காது. குழாய் நீரானால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துக் குளோரின் போகவிட்டுப் பாவியுங்கள். செடியைக் கஞ்சத்தனமாக நடாதீர்கள். முதல் நாளே தரையின் பெரும்பகுதி செடியால் மூடப்பட்டிருந்தால்தான் பாசிக்கு இடம் கிடைக்காது.

2022 ஆம் ஆண்டின் மின்வெட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். எங்கள் ஒழுங்கையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், மோட்டர் வடிகட்டி பூட்டிய தொட்டியில் அளவுக்கு மிஞ்சிய மீன் வைத்திருந்தான். மின்சாரம் நின்ற இரவுகளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவன் செம்பால் நீரை அள்ளி, உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருப்பான். வடிகட்டியின் பஞ்சுக்குள் இருந்த பற்றீரியாக்கள் ஒட்சிசன் இன்றி இறந்து, மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீர் முழுவதும் தொட்டிக்குள் பாய்ந்தது. எஞ்சிய மீன்களைக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, கண்ணாடித் தொட்டியில் மண்ணும் மணலும் இட்டு ஐதரில்லாவும் வலிஸ்னேரியாவும் நட்டோம். இரண்டாம் கிழமையில் கண்ணாடி முழுவதும் மண்ணிறப் படலம். பழைய இலைகள் கரைந்தன. அவனுடைய தாயார் ஒரு நாள் படலையடியில் என்னை மறித்து, "அண்ணை, சேறும் பாசியுமாத்தான் கிடக்கு, மீனை எப்ப விடுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் மாணவனை அழைத்து, தொட்டியின் முன் குனிந்து, கண்ணாடியோடு ஒட்டிய மணலைப் பார்க்கச் சொன்னேன். நூல் போன்ற வெள்ளை வேர்கள் மணலைத் துளைத்து மண்ணுக்குள் இறங்கியிருந்தன. ஒரு வலிஸ்னேரியாவின் அடியிலிருந்து ஓடுதண்டு ஒன்று கிளம்பி, ஒரு சாண் தள்ளி, மூன்று சிறு இலைகளோடு புதுக்கன்றை நிறுத்தியிருந்தது. பிற்பகலானதும் ஐதரில்லாவின் முறிந்த தண்டு நுனியிலிருந்து குண்டூசித் தலையளவு குமிழிகள் கோத்தாற்போல் மேலெழுந்தன. அதன் பிறகே சில கப்பி மீன்களை விட்டோம். மோட்டர் எதுவும் இல்லாமலே அந்தத் தொட்டி மின்வெட்டுக் காலம் முழுவதையும் தாண்டியது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. செடி பகலில் ஒட்சிசன் தருகிறது, இரவில் மீனைப் போலவே தானும் எடுக்கிறது. சூடான நீரில் ஒட்சிசன் கரைவதும் குறைவு. எனவே மோட்டர் இல்லாத தொட்டியில் மீன் சிலதாகவே இருக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து பாருங்கள். அந்த நேரத்தில் மீன் நீர்மட்டத்தில் வாயைப் பிளக்காமல் நீந்தினால் உங்கள் கணக்குச் சரி. ஒளியைப் பொறுத்தவரை நாளுக்கு எட்டு மணித்தியாலம் போதும். எங்கள் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் நீர் கொதிக்கும், பச்சைப் பாசியும் கட்டும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 55 லீற்றர் கொள்ளும். மண்ணும் கண்ணாடியும் சேர்ந்தால் நல்ல பாரம், ஆகவே ஆடாத மேசை வேண்டும்.

நேரம் முடியப்போகிறதென்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். மீன் வகைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். வன்னீருக்கு ஏற்றவை கப்பியும் மொலியும். விரல்நுனியில் ஒட்டும் அளவு உணவு ஒரு நேரத்துக்குப் போதும். கோடையில் ஆவியாகும் நீருக்கு நீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு மட்டும் சேரும், ஆகவே இடைக்கிடை ஒரு பங்கை எடுத்து மிளகாய்க் கன்றுக்கு ஊற்றிவிட்டுப் புது நீர் விடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தவறாமல் கேளுங்கள். வேண்டாம் என்று தோன்றும் செடியையோ மீனையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடாதீர்கள். 1939 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா இன்றும் நீர்நிலைகளையும் வயல்களையும் மூடுகிறது. தொட்டி துப்புரவாக்கும் மீன் என்று விற்கப்படும் உறிஞ்சு வாய் மீன் ஓரடிக்கும் மேல் வளரும், நாட்டின் நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கெனவே பெருகிவிட்டது. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் வலைவீசிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மிஞ்சிய செடியை வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் பசளைக் குழியில் போடுங்கள், மிஞ்சிய மீனை வளர்க்க விரும்பும் இன்னொருவரிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.