மூங்கில் துணி: தோப்புக்கும் சட்டைக்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம்.

மூங்கில் புல் இனம். வெட்டிய பிறகும் வேரடிக் கிழங்கிலிருந்து தானே துளிர்க்கும், மறுநடவு வேண்டாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கழி முற்றி வெட்டுக்கு வந்துவிடும். ஆனால் இந்தப் பெருமையெல்லாம் தோப்போடு சரி.

'மூங்கில்' என்று விற்கிற மெத்தென்ற பனியனும் படுக்கை விரிப்பும் பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது ரேயான். கழியைச் சிறு துண்டுகளாக்கிக் கூழாக்குகிறார்கள். கூழைச் சுமார் 18 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, பிழிந்து, துருவி, கார்பன் டைசல்பைடைச் சேர்த்தால் துருவல் ஆரஞ்சு நிறமாகும். அதை நீர்த்த காஸ்டிக்கில் கரைத்தால் தேன் பதத்தில் வரும். நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சியதும் இழையாக உறைகிறது. அப்போது கார்பன் டைசல்பைடும் ஹைட்ரஜன் சல்பைடும் வாயுவாக வெளியேறும். அவற்றைப் பிடித்து மீட்காத ஆலையில் தொழிலாளியின் நரம்பும் இதயமும் கெடும். உடுத்துகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்பதால்தான் இது பேசப்படுவதில்லை.

இத்தனை ரசாயனமும் தாண்டி மிஞ்சுவது வெறும் செல்லுலோஸ், அதாவது எல்லாத் தாவரத்திலும் உள்ள நார்ப்பொருள். பிறகு விளம்பரங்கள் சொல்லும் 'மூங்கிலின் இயற்கையான கிருமி எதிர்ப்பு' எங்கே இருக்கும்? ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடர்கள் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்டும்படி ஆயிற்று; நடவடிக்கை எடுத்தது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம்.

வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மெத்தென்ற துணியில் '100 சதவீதம் மூங்கில்' என்று மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். 'மூங்கில் விஸ்கோஸ்' என்பது நேர்மையான லேபிள். 'மூங்கில் லையோசெல்' கிடைத்தால் அதையே எடுங்கள். கூழை வேறொரு கரைப்பானில் நேரடியாகக் கரைத்து எடுக்கும் இழை அது: கார்பன் டைசல்பைடு கிடையாது, அந்தக் கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நாரை உரித்து நூற்கும் மூங்கில் லினனும் உண்டு. சொரசொரப்பு, விலை அதிகம், அபூர்வம். ஓயெக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை, முடிந்த துணியில் தங்கிய ரசாயனத்தைச் சோதித்ததற்குத்தான் சான்று. ஆலைக் காற்றுக்கு அல்ல. காடுகளின் பராமரிப்புக்குச் சான்று தரும் எஃப்.எஸ்.சி. அமைப்பின் முத்திரை, கழி வந்த காட்டைப் பற்றியது. நூலைக் கொளுத்திப் பார்ப்பதில் பயனில்லை. பருத்தி, விஸ்கோஸ் இரண்டிலும் காகிதம் கருகும் வாசனைதான் வரும்.

சீக்கிரம் கிழிந்தால் எந்தத் துணியும் சூழலுக்கு நல்லதல்ல. விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள், 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில், வலைப்பையில் போட்டுத் துவையுங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் பின்னலாடை தன் கனத்திலேயே நீண்டுவிடும். தட்டையாக விரித்து நிழலில் உலர்த்துங்கள்.