அந்த நாலாவது பெனால்டி

எல்லாருக்கும் வணக்கம். கால்பந்துல கோல் விழாம தடுக்கற டிஃபெண்டரப் பத்தி யாரும் மேடை போட்டுப் பேசறதில்ல, இன்னிக்கு நான் பேசப்போறேன். ஜப்பானோட சாக்கி குமகாய்.

2011 ஜூலை 17, ஃப்ராங்க்ஃபர்ட், பெண்கள் உலகக்கோப்பை ஃபைனல். நாலு மாசம் முன்னாடிதான் ஜப்பான்ல அந்தப் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும். அமெரிக்கா ரெண்டு தடவ முன்னாடி போயிருச்சு, ரெண்டு தடவையும் ஜப்பான் சமன் பண்ணி, ரெண்டாவது கோலை 117வது நிமிஷத்துல ஹொமாரே சாவா அடிச்சு, ஆட்டம் 2-2ன்னு பெனால்டிக்குப் போகுது. நாலாவதா பந்தை எடுத்துட்டு வர்றது இந்த சப்போரோ பொண்ணு, வயசு 20. எதிர்ல ஹோப் சோலோ, சாதாரண கோலி இல்லைங்க. உள்ள போனா கோப்பை. ஓடி வந்தாங்க, அடிச்சாங்க, வலைக்குள்ள மேல்பக்கமா போய் விழுந்துச்சு. முடிஞ்சது!

ஆனா எனக்கு அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். கோப்பை ஜெயிச்ச அதே ஊர் கிளப்ல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆடிட்டு, 2013ல ஃப்ரான்ஸ் லியோனுக்குப் போனாங்க. எட்டு வருஷம். 2016ல இருந்து 2020 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு சாம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பா கிளப்புகளுக்கான பெரிய கோப்பை. ஜப்பானுக்கு சென்டர் பேக், அதாவது நடுவுல நிக்கற டிஃபெண்டர், லியோன்ல பல நேரம் டிஃபென்சுக்கு முன்னாடி நிக்கற மிட்ஃபீல்டர். கோல் போடறவங்க பேரு ஸ்கோர்போர்டுல வரும், பந்து வர்ற வழிய முன்கூட்டியே அடைச்சு நின்னவங்க பேரு எங்கயும் வராது, அஞ்சு கோப்பைல அந்த மாதிரி எத்தன வழிய அடைச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

2019 உலகக்கோப்பை, ரென் நகரம், நெதர்லாந்து கூட 1-1. கடைசி நேரத்துல நெதர்லாந்தோட மீடெமா அடிச்ச பந்து குமகாய் கைல பட்டுச்சு, பெனால்டி, ஜப்பான் வெளிய. கேப்டன் கையிலயே பட்டு! அவ்ளோ கிட்டத்துல வர்ற பந்துக்கு கையை எங்க கொண்டுபோய் வைக்கறது? விதிப்படி சரியா இருக்கலாம், எனக்கு இன்னும் மனசு ஆறல.

அடுத்த வருஷம் ஆகஸ்ட், கொரோனா காலம், சான் செபாஸ்டியன்ல ஆளே இல்லாத ஸ்டேடியம், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஜெர்மனி கிளப் வோல்ஃப்ஸ்பர்க் கூட. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பந்து பாக்ஸ் ஓரத்துக்குத் தெறிச்சு வருது. குமகாய் இடது காலால ஒரே அடி. கோல். லியோன் 3-1ன்னு ஜெயிச்சுது. அன்னிக்கு அவங்க பேரும் ஸ்கோர்போர்டுல வந்துச்சுங்க.