அம்மாவின் 416 நம்பர்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அம்மா டொரொன்டோ ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மெண்டில் இருக்கிறார். வயது 78. நாங்கள் வாங்கிக் கொடுத்த செல்போன் லாச்சிக்குள் கிடக்கிறது. குசினியில் இருக்கும் வீட்டு ரெலிபோன் அடித்தால் மட்டும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார். 416இல் தொடங்கும் அந்த நம்பரை யாழ்ப்பாணத்தில் பெரியம்மா நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். கோயில், மருந்துக்கடை, குடும்ப வைத்தியர் என்று எல்லா இடத்திலும் அதுதான் பதிவு. போன வருடம் பில்லை எடுத்துப் பார்த்தேன். மாதம் நாற்பது டொலருக்கு மேல். "லைனை வெட்டிவிடுவோமா?" என்று தம்பி கேட்டான். அம்மா ஒன்றும் பேசவில்லை. ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வெட்டவில்லை. அதே நம்பர், அதே ரெலிபோன் இன்றும் அங்கே அடிக்கிறது. மாதச் செலவு மட்டும் ஐந்து டொலர் அளவுக்கு இறங்கிவிட்டது. அதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன்.

இதற்குத் தேவை ஒரு சின்னப் பெட்டி. கடையில் ஏடிஏ என்று கேட்டால் தருவார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், விலை நூறு டொலருக்குள்தான். ஒரு பக்கம் இன்டர்நெட் ரவுட்டரில் இருந்து வரும் வயரைச் செருகுங்கள், மறுபக்கம் உங்கள் பழைய ரெலிபோனைச் செருகுங்கள். நீங்கள் பேசுவதை அந்தப் பெட்டி ஒரு விநாடிக்கு ஐம்பது துண்டு என்ற கணக்கில் நறுக்கி இன்டர்நெட்டில் அனுப்புகிறது. ஒரு மணிநேரம் பேசினாலும் போக வர எல்லாமாக 80 மெகாபைட் அளவுதான் செலவாகும். இன்று வீடுகளில் இருக்கும் இணைப்புக்கு அது ஒரு சுமையே இல்லை.

அப்புறம், இணையவழித் தொலைபேசிச் சேவை தரும் நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறக்க வேண்டும். அவர்கள் தரும் பெயரையும் கடவுச்சொல்லையும் பெட்டிக்குள் பதிந்தால், ரெலிபோனைத் தூக்கியதும் பழையபடி டயல் டோன் கேட்கும். நம்பருக்கு மாதம் ஒரு டொலர் அளவு, 911 என்ற அவசர அழைப்பு வசதிக்கு ஒன்றரை டொலர் அளவு, கனடாவுக்குள் பேச நிமிடத்துக்கு ஒரு சதம் அளவு. அம்மா பேசுகிற பேச்சுக்கு மாதம் ஐந்து டொலர் தாராளம்.

பழைய நம்பரைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றி எடுக்கும் இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். முதலில் பழைய லைனை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நிறுத்தினால் நம்பர் கைவிட்டுப் போய்விடும். புதிய நிறுவனம் நம்பரை எடுத்து முடியும்வரை பழைய லைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் இன்டர்நெட்டும் அதே ரெலிபோன் வயரில் வருகிறது என்றால் முன்கூட்டியே இன்டர்நெட் நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் நம்பரோடு சேர்ந்து இன்டர்நெட்டும் போய்விடும்.

இன்னொன்று, பெயர். எங்கள் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்துவிட்டது. அம்மாவின் பெயரை முன்னுக்கும் அப்பாவின் பெயரைப் பின்னுக்கும் எழுதி அனுப்பியிருந்தேன். பழைய பில்லில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, அதிலும் ஓர் எழுத்துக் குறைவு. பில்லில் எப்படி இருக்கிறதோ, பிழையோடு அப்படியே எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் நம்பர் வந்துவிட்டது.

தனிவீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் நண்பர் ஒருவர் எல்லா அறையிலும் ரெலிபோன் வேலை செய்யட்டும் என்று பெட்டியைச் சுவரில் இருக்கும் ரெலிபோன் செருகியில் மாட்டினார். வெளியில் இருந்து வரும் பழைய லைனை பேஸ்மெண்டில் கழற்றிவிட மறந்துவிட்டார். அந்த லைனில் 48 வோல்ட் மின்சாரம் இருக்கும். பெட்டி அன்றே செத்துப்போனது. வெளி வயரைக் கழற்றிய பிறகுதான் சுவரில் மாட்ட வேண்டும்.

அப்பார்ட்மெண்டில் இருப்பவர்கள் பஸ்ஸரைச் சோதித்துப் பாருங்கள். கீழே யாராவது வந்து நின்றால் வீட்டு ரெலிபோன் அடிக்கும், 9ஐ அழுத்தினால் கதவு திறக்கும். எங்கள் வீட்டில் முதல் நாள் அம்மா 9ஐ அழுத்திக்கொண்டே நிற்கிறார், தம்பி கதவுக்கு வெளியே குளிரில் நிற்கிறான். எண்ணை அழுத்தும்போது வரும் ஒலியை அனுப்பும் முறையைப் பெட்டியில் மாற்றிய பிறகுதான் சரிவந்தது. வயதானவர்கள் கழுத்தில் போட்டிருக்கும் அவசர பட்டன், வீட்டு அலாரம் இவை ரெலிபோன் லைனை நம்பி இருந்தால், அந்த நிறுவனங்களோடு பேசிச் சோதித்துப் பார்க்காமல் லைனை மாற்ற வேண்டாம்.

கடவுச்சொல்லைக் கடினமானதாக வையுங்கள். கணக்கில் பத்து, இருபது டொலருக்கு மேல் போட வேண்டாம். கார்டில் இருந்து தானாகக் காசு எடுக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். இப்படிக் கணக்குகளைத் தேடிப் பிடித்து, இரவோடிரவாக வெளிநாடுகளுக்குக் கோல் போட்டுக் காசைக் கரைக்கும் திருடர்கள் இருக்கிறார்கள். இலங்கைக்கு இந்த லைனில் எடுத்தால் கட்டணம் உள்நாட்டைவிடப் பல மடங்கு. ஊரோடு பேச வாட்ஸ்அப், வைபர் போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இங்கே வந்ததற்கே காரணம்.

2008ஆம் ஆண்டு கல்கரியில் ஒரு குடும்பம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சுகமில்லாமல் போக, இணையவழி ரெலிபோனில் 911க்கு எடுத்தார்கள். அம்புலன்ஸ் போனது தூரத்தில், ஒன்ராறியோவில் இருக்கும் மிசிசாகாவுக்கு. அவர்கள் முன்பு குடியிருந்த வீட்டின் முகவரிதான் கணக்கில் இருந்தது. குழந்தை இறந்துவிட்டது.

பழைய வயர் ரெலிபோனில் 911ஐ அழுத்தினால் முகவரி தானாகவே போய்ச் சேரும். இந்த வகைச் சேவையில் கோல் முதலில் இடையில் ஒரு நிலையத்துக்குப் போகிறது, அங்கே நீங்கள் இருக்கும் இடத்தைக் கேட்டபிறகுதான் உங்கள் ஊர் 911க்கு மாற்றுவார்கள். பேச முடியாமல் போனால் அவர்களிடம் இருப்பது நீங்கள் பதிந்த முகவரி ஒன்றுதான். கணக்குத் திறக்கும் அன்றே அந்த முகவரியை அப்பார்ட்மெண்ட் இலக்கத்தோடு பதியுங்கள். வீடு மாறினால், தளபாடம் ஏற்றுவதற்கு முன் அதை மாற்றுங்கள். சரியா என்று பார்ப்பதற்காக 911ஐ அழுத்த வேண்டாம். நிறுவனத்தைக் கூப்பிட்டு, "என் கணக்கில் 911க்கு என்ன முகவரி இருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

கரண்ட் போனால் இந்த ரெலிபோனும் போய்விடும். 2003 ஆகஸ்ட் 14ஆம் திகதி ஒன்ராறியோ இருண்டபோதும் பழைய வயர் ரெலிபோன்கள் பேசின, ஏனென்றால் அவற்றுக்கு மின்சாரம் கம்பனிப் பக்கத்து பேட்டரியில் இருந்து வந்தது. நம் பெட்டிக்கு அப்படி இல்லை. ரவுட்டரையும் பெட்டியையும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில், அதாவது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டியில், மாட்டுங்கள். இன்டர்நெட்டே விழுந்துவிட்டால் யூபிஎஸ்ஸாலும் பயன் இல்லை. அதற்காக அம்மாவின் செல்போனை லாச்சிக்குள் இருந்து எடுத்து, சார்ஜ் ஏற்றி, குசினியிலேயே வைத்திருக்கிறோம். 911ஐ அழுத்துவதற்கு மட்டும் பழக்கியிருக்கிறோம்.

வீட்டு ரெலிபோனுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கட்டிட இலக்கம், தெரு, அப்பார்ட்மெண்ட் இலக்கம், எல்லாம் பெரிய எழுத்தில். ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது அம்மாவை ஒருதரம் வாசிக்கச் சொல்வேன். இப்போது தாளைப் பார்க்காமலே சொல்கிறார்.

நன்றி, வணக்கம்.