கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் உள்ளே வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றீர்கள். ஓரமாக நின்று நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டிய பெண்கள் பலர் முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தீர்கள். ஒரு கை முன்வரிசையைப் பிடித்தது, மறு கை முழங்காலை அழுத்தியது. 'அப்பாடா' என்று ஒரு மூச்சு. அதற்கப்புறம்தான் உடம்பு மேலே வந்தது. குறை சொல்லவில்லை. தொடை செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது, அவ்வளவுதான்.

"நான் தினமும் நடக்கிறேனே" என்பீர்கள். நடங்கள், மிக நல்லது. ஆனால் நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற கணக்கை நினைத்துத் திணற வேண்டாம். 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. மருத்துவம் சொன்ன எண் அல்ல. 2019இல் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு வெளிவந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

ஆனாலும் நடை மட்டும் போதாது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, எலும்பு வேகமாகத் தேய்கிறது. தசையும் கரைகிறது. சமதரையில் நடக்கும்போது தொடைத் தசைக்குப் பெரிய பாரம் விழுவதில்லை. பாரம் விழாத தசை வளராது.

வயதாகிவிட்டதே, இனிமேலா என்று கேட்காதீர்கள். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறை ஒட்டிய பத்துப் பேரை எடைப் பயிற்சிக்கு உட்கார வைத்தார். எட்டே வாரம். கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலானது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். சின்ன ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கைத்தடிகள் மறப்பதில்லை.

இப்போது பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. "அம்மா, நீ உட்காரும்மா, நான் எடுத்துட்டு வரேன்." பாசம்தான், தெரியும். ஒரு நாளைக்கு அம்மா இருபது முறை எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்; நீங்கள் அதை ஐந்தாக்கிவிட்டீர்கள். ஒரு நாள் குளியலறையில் வழுக்கும்போது அவரைத் தாங்க வேண்டியது உங்கள் கை அல்ல, அவருடைய கால். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை பலருக்குத் திரும்புவதே இல்லை.

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அட்டவணையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

முழங்கால் அறுவை செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் அப்படியே இருங்கள். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். மற்றவர்கள் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டுங்கள். பாதம் இரண்டும் தரையில். முப்பது விநாடிக்கு நான் கடிகாரம் பார்க்கிறேன். எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறீர்கள் என்று நீங்களே எண்ணுங்கள். எழுபதை எட்டியவர்களுக்குப் பத்து வந்தால் பரவாயில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்க்காதீர்கள், அம்மா. தொடங்கலாமா?